மலை மறைத்த பந்து

முகமூடிக் கம்பிகளுக்குள்ளிருந்து பார்த்தால் மலை துண்டு துண்டாகத் தெரியும். ஒரு சட்டத்தில் உச்சி, ஒரு சட்டத்தில் தோள், கீழ்ச் சட்டத்தில் வேங்கிக்கால் வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகள்.

அன்று சாயங்காலம் நான் புழுதியில் குந்தியிருந்தேன். கை எட்டும் தூரத்தில் ரோஸலின் மட்டையோடு வந்து நின்றாள். காலால் மண்ணைத் தள்ளிச் சமன் செய்தாள். ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்தோரம் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. தை மாதக் காற்றில் யாருக்கும் அப்படி வேர்க்காது.

எங்கள் பெஞ்சைப் பார்த்தேன். கோச் இடது காது மடலைத் தொட்டார். கொசு ஓட்டுகிறவர் மாதிரி ஒரு தரம் தொட்டுவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் அணியில் எல்லோருக்கும் தெரியும். பந்தால் இவளை அடி.

ரோஸலினுக்கும் தெரிந்திருந்தது. என் பக்கம் திரும்பாமலே மெதுவாகப் பேசினாள்.

“அக்கா, தோள்ல போடச் சொல்லுங்க. மூஞ்சி மட்டும் வேணாம். சீக்கிரம் போட்டு முடிச்சிடுங்க. அப்பவாச்சும் எனக்குத் தூக்கம் வரும்.”

நான் முகமூடி வாரை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் இருந்தது.

வெந்நீர் வசதி உண்டு

இந்த வாரப் பத்தியில் பேஸ்பால் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், “யாருக்குப் புரியும்?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். என்னைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷமாகியும் அவருக்குப் புரியவில்லை, அந்தக் கவலை. போன வாரம் என் கல்யாணத்தன்று மண்டபத்தில் செருப்பு தொலைந்த கதையை எழுதினேன். அது நன்றாகப் புரிந்தது என்று சொன்னார்.

அவருக்காகவும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தி மேட்டின் மீது நின்று பந்தை எறிவாள். எதிரே இன்னொருத்தி உருட்டுக்கட்டை போன்ற மட்டையால் அடிப்பாள். அவள் நிற்கும் இடத்தில் வெள்ளை ரப்பர் பலகை ஒன்றைத் தரையோடு பதித்திருப்பார்கள், அதுதான் பிளேட். பந்தை அடித்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடி மறுபடி அங்கேயே வந்து சேர்ந்தால் அணிக்கு ஓர் ஓட்டம். அடிப்பவளுக்குப் பின்னால் முகமூடி மாட்டிக்கொண்டு குந்தியிருப்பவள் கேட்சர். அது நான். பந்து கிரிக்கெட் மாதிரி தரையில் குத்தி வராது. எறிந்த கையிலிருந்து நேராக வரும். கல்லு கணக்காக இருக்கும்.

அந்த வருஷம் சம்பளம் கொடுத்துப் பெண்களை ஆட வைக்கும் போட்டி ஒன்றை யாரோ தைரியமாக ஆரம்பித்தார்கள். ஊருக்கு ஓர் அணி. திருவண்ணாமலை அணியை எடுத்தவர் கிரிவலப் பாதையில் லாட்ஜ் வைத்திருந்தார். எங்கள் சட்டை முதுகில் எங்கள் பெயர் சின்னதாகவும், ‘வெந்நீர் வசதி உண்டு’ என்பது பெரிதாகவும் இருக்கும். பௌர்ணமி அன்று நாங்கள் பயிற்சிக்கு ஓடினால் வெளியூர்க்காரர்கள் மறித்து ரூம் இருக்கிறதா என்று கேட்பார்கள். தேவகி நின்று வழி சொல்லிவிட்டு வருவாள்.

தேவகிதான் எங்கள் பிட்சர், பந்து எறிபவள். போளூர்ப் பக்கம். பேச்சு ரொம்பக் கம்மி. அவள் எறிகிற வேகத்தில் என் இடது உள்ளங்கை ராத்திரி தட்டைப் பிடிக்க மறுக்கும். ஆனால் பந்து எங்கே போக வேண்டும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. நான் கிளவுஸை எங்கே காட்டுகிறேனோ அங்கே வந்து விழும்.

மலைக்கு முதுகு காட்டாமல்

வேங்கிக்காலில் எங்களுக்கு ஒரு மைதானம் கிடைத்தது. சித்திரை வெயிலில் அதை அளந்து பிளேட் பதித்தார்கள். எந்தப் பக்கம் பார்த்துப் பதிப்பது என்று பேச்சு வந்தபோது லாட்ஜ்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அடிக்கப் போகிற பெண் மலையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், மலைக்கு முதுகு காட்டினால் அணி விளங்காது.

யாரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? இந்த ஊரில் கடைக்குக் கல்லாப்பெட்டி வைப்பதும், புது வீட்டுக்கு ஜன்னல் வைப்பதும் அப்படித்தான் நடக்கிறது. அடிப்பவள் முகத்துக்கு நேரே சாயங்கால வெயில் வராதபடி பார்க்க வேண்டும் என்று விளையாட்டு விதியில் இருப்பதாகக் கோச் பிறகு சொன்னார். அன்றைக்குச் சொல்லவில்லை. சித்திரையில் சூரியன் மலையை விட்டு வலது பக்கம் எங்கேயோ தள்ளி விழுந்துகொண்டிருந்தது. தொந்தரவு என்று யாருக்கும் தோன்றவில்லை.

எறிபவள் மட்டும் மலைக்கு முதுகு காட்டித்தானே ஆக வேண்டும்? அதற்கும் ஒரு வழக்கம் பிறந்தது. மேட்டில் ஏறியதும் திரும்பி நின்று மலையைப் பார்த்துக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் முதல் பந்து. வெளியூர் அணிகளும் சிரிக்காமல் அப்படியே செய்தார்கள். வேலூர் அணியில் எறிகிறவள் ரோஸலின், கழுத்தில் சிலுவை போட்ட பெண். அவள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு மலையைப் பார்ப்பாள். பார்க்க அழகாக இருக்கும்.

முதல் நாள்

வேலூர் அணி அந்த வாரம் எங்களோடு அடுத்தடுத்த நாட்களில் ஆட வந்திருந்தது. முதல் நாள் ஆட்டத்தைத் தொடங்கி வைக்க வர வேண்டிய பெரிய மனிதர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப் போனார். அவர் வந்து, பேசி, பொன்னாடையை மடித்துக் கொடுத்துவிட்டுப் போவதற்குள் மத்தியானம் தேய்ந்துவிட்டது. ஆட்டம் சாயங்காலத்துக்குள் நீண்டது.

எங்கள் அணியில் ஆடிய மாலா என் சித்தி மகள். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்வீடு. ஓட்டத்தில் மான். வாயும் அதே வேகம். அன்றைக்கு முதல் தரம் அடிக்க வந்தபோது ரோஸலின் எறிந்த பந்தைச் சாலைக்கே அனுப்பினாள். சும்மா ஓடியிருக்கலாம். மட்டையைத் தூக்கி வீசிவிட்டு, ரோஸலினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சுற்றி வந்தாள். இந்த ஆட்டத்தில் அப்படிச் சிரித்தால் அடுத்த பந்து உடம்புக்கு வரும் என்பது எழுதாத சட்டம்.

மறுபடி அவள் அடிக்க வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. நாங்கள் ஓரத்தில் பெஞ்சில் இருந்தோம். பந்து அவள் முகத்துக்கு நேராகப் போவது எங்களுக்கெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. குனி என்று யாரோ கத்தினார்கள். மாலா குனியவில்லை. நின்றது நின்றபடி நின்றாள்.

சிதறு தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது.

ரோஸலின்தான் முதலில் ஓடி வந்து மண்டியிட்டாள். நான் அவளை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊருக்கே தெரியும்.

ஜன்னலோரம்

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாலாவின் வலது கண்ணை மூடிப் பாதி முகத்துக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். கன்ன எலும்பு கூடிவிடும், கண் எப்படி என்று வீக்கம் வடிந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். சித்தி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஏன்டி குனியவில்லை என்று கேட்டேன். மாலா மருந்து மயக்கத்தில் இழுத்து இழுத்துப் பேசினாள்.

“பந்தே வரலக்கா. மலைதான் இருந்துச்சு. ஒரே வெளிச்சமா இருந்துச்சு.”

சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஊசி போட வந்த நர்ஸ் ஊசியை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். கண் திரும்பி வந்தால் அடிப்பிரதட்சணமாக மலையைச் சுற்றுவதாகச் சித்தி அங்கேயே வேண்டிக்கொண்டாள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. மலை வெளிச்சமாக நின்றது என்று ஒருத்தி சொன்னால், இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் கேள்வி கேட்கத் தோன்றாது.

கிளம்பும்போது மாலா என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அவள சும்மா விட்றாதக்கா.”

விட மாட்டேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஜன்னலுக்குக் கீழே கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் ரோஸலின் நின்றிருந்தாள். அவளை உள்ளே விடக் கூடாது என்று சித்தி காவல்காரரிடம் சொல்லிவைத்திருந்தாள். கையில் இளநீர். அது அவள் குடிப்பதற்கு வாங்கியதில்லை. நான் திரையை இழுத்துவிட்டேன்.

ஆடும் மாடும்

சம்பளத்துக்கு ஆடுகிறவர்களிடம் பதிலடி ஒரு கடமை என்று கோச் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நம் ஆளை அடித்தால் அவர்கள் ஆளை அடிக்க வேண்டும். தோளிலோ தொடையிலோ, ஒரே பந்து, அத்தோடு கணக்கு நேர். விட்டுவிட்டால் நாளைக்கு இன்னொருத்தி கண்ணுக்கு வரும். கெட்ட மனிதர் இல்லை அவர். மாலாவைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவர் சட்டையெல்லாம் ரத்தம்.

எனக்கு ஏனோ அப்பா ஞாபகம் வந்தது. நான் சின்னவளாக இருந்தபோது பக்கத்துக் கொல்லைக்காரர் ஆடு எங்கள் மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், இறங்கிவிட்டது. வேண்டுமென்றே அவிழ்த்துத்தான் விட்டார் என்று அப்பா சத்தியம் பண்ணினார். மறுநாள் எங்கள் பசுவை அவர் கொல்லையில் விட்டார். அதற்குப் பதிலாக அவர் மறுபடி ஆடு. அந்த வருஷம் இரண்டு வீட்டிலும் மல்லாட்டை அவிக்கவில்லை, ஆடும் மாடும் மட்டும் கொழுகொழுவென்று இருந்தன. முதல் நாள் ஆடு தானாகக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்ததாம். ரொம்ப காலம் கழித்து ஒரு சாவு வீட்டில் அப்பாவே சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அந்த ஞாபகம் என் கோபத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. ஆடு வேறு, மாலா கண் வேறு.

ஆட்டத்துக்கு முன்னால் தேவகி என்னிடம் வந்தாள். அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

“கிளவுஸ நீங்க எங்க வைக்கிறீங்களோ அங்க போடுவேங்க்கா. வேற எங்கயும் பார்க்க மாட்டேன்.”

ஆக, அவள் கையில் இருந்த பந்து என் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

போட்டாச்சா

மறுநாள் ஆட்டமும் தாமதம். மாலாவுக்குப் பதிலாக வர வேண்டிய பெண்ணின் பஸ் வழியில் நின்றுவிட்டது. ரோஸலின் அந்த ஆட்டத்தில் எறியவில்லை, பந்தைத் தொடவே மாட்டேன் என்றாளாம். ஆனால் அடிக்க வந்தாள். வராமல் இருந்திருக்கலாம். தெரிந்துதான் வந்தாள்.

கோச் காதைத் தொட்டாயிற்று. அவர் சொல்லிக் கொடுத்த முறைப்படி முதல் பந்து நடுவில்தான் போக வேண்டும், அம்பயருக்குச் சந்தேகம் வரக் கூடாது. இரண்டாவதுதான் அவளுக்கு. நான் கிளவுஸை நடுவில் காட்டினேன்.

சூரியன் அப்போது மலையின் வலது தோளில் வந்து உட்கார்ந்திருந்தது. சித்திரையில் தள்ளிப் போய் விழுந்த அதே சூரியன், தையில் இங்கே வந்துவிட்டிருந்தது. மலை விளிம்பெல்லாம் பழுத்துப்போயிருந்தது. தேவகி கையைத் தூக்கினாள். தூக்கிய கை வெளிச்சத்துக்குள் போயிற்று. கையைக் காணோம். பந்தைக் காணோம். உலகத்தில் மலையும் வெளிச்சமும் மட்டும் இருந்தன. சத்தம்கூட இல்லை. என் முழங்காலுக்குக் கீழே பூமி இருக்கிறதா என்று ஒரு கணம் தெரியவில்லை. பயமாக இல்லை. அப்படியே இருந்துவிடலாம் போலச் சுகமாக இருந்தது.

டங்கென்று என் முகமூடிக் கம்பியில் அடி விழுந்தது. பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பந்து காலடியில் உருண்டு நின்றது.

ரோஸலின் அசையவே இல்லை. நின்றது நின்றபடி நின்றாள்.

“போட்டாச்சாக்கா?” என்றாள்.

பந்தே வரலக்கா, மலைதான் இருந்துச்சு. மாலா எங்களிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறாள். நாங்கள்தான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

எறங்கட்டும்

எழுந்து கையைத் தூக்கினேன். கோச் காதைத் தொட்டார். மறுபடி தொட்டார். அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“சார், சூரியன் எறங்கட்டும்,” என்றேன் அம்பயரிடம். “பந்து தெரியல.”

அவர் நம்பவில்லை. என் பின்னால் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிற அவருக்குத் தேவகியின் கை சூரியனை விட்டு விலகித் தெரிந்திருக்கும். நீங்களே உட்கார்ந்து பாருங்கள் என்றேன். வயிறு இடிக்க என் இடத்தில் குந்தினார். தேவகியைப் பந்தோடு கையைத் தூக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். எழுந்ததும் கையை விரித்து ஆட்டத்தை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு நடந்தது மாதிரி ஒன்றை நான் எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை. இரண்டு அணியும் நின்ற இடத்திலேயே புழுதியில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோர் முகமும் மலைப் பக்கம். சுண்டல் விற்கிறவர்கூட உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு பெரிய வீட்டில் விருந்தாளி கிளம்புவதற்காக எல்லோரும் காத்திருக்கிற மாதிரி இருந்தது. மைனாக்கள் கத்திக்கொண்டே மரத்துக்குத் திரும்பின.

ரோஸலின் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாலா சொன்னதை அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“நேத்தும் இதே நேரமாக்கா?”

ஆமாம் என்றேன். மாலா சிரித்ததற்குக் கோபப்பட்டுத்தானே எறிந்தாய் என்றும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. கோபம் இருந்தது உண்மை, மிரட்டத்தான் முகத்தோரமாக எறிந்தேன், யாராக இருந்தாலும் குனிந்துவிடுவார்கள் என்று நினைத்தேன் என்று சொன்னாள். சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். என் சித்தி மகளை அடித்தவள் முதுகில் கை வைக்கிறோம் என்று தெரிந்துதான் வைத்தேன்.

சூரியன் இறங்கியது. மலை நீலமாகிக் கிட்டே வந்தது. எல்லோரும் பின்புறத்துப் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

கிளவுஸை நடுவில் வைத்தேன். தேவகி வேறு எங்கேயும் பார்க்கவில்லை. ரோஸலின் அந்தப் பந்தைச் சாலைக்கு அடித்தாள். சிரிக்காமல், தலையைக் குனிந்துகொண்டு சுற்றி வந்தாள். நாங்கள் தோற்றோம். அடுத்த ஆட்டத்தில் கோச் என் முகமூடியை வேறொரு பெண்ணுக்கு மாட்டிவிட்டார்.

கடப்பாரை

அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. மாலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதுதான் வலித்தது. நடந்ததையெல்லாம், ரோஸலின் தோளில் போடச் சொன்னது, தூக்கம் வரும் என்றது வரைக்கும் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். “நீ என் பக்கம் இல்லக்கா,” என்றாள். அப்புறம் பேச்சே இல்லை. சித்தியும் எனக்குக் காப்பி போடுவதை நிறுத்திவிட்டாள்.

வீக்கம் வடிந்தது. பார்வை போகவில்லை. ஆனால் நனைந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி மங்கலாக இருக்கிறது என்றாள். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. சித்தி அடிமேல் அடி வைத்து மலையைச் சுற்றி முடித்தாள்.

தை முடிவதற்குள் ஒரு சாயங்காலம் மாலா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூலிங் கிளாஸ் போட்டிருந்தாள். என் ஸ்கூட்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மைதானத்தில் யாரும் இல்லை, அதைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் மட்டும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மாலா பிளேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். என்னை மேட்டுக்குப் போகச் சொல்லிக் கையை ஆட்டினாள். நான் ஏறி, திரும்பி மலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். என் முதுகு பூராவும் வெயில்.

கண்ணாடியைக் கழற்றினாள். மங்கிய கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நல்ல கண்ணால் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“கையில பந்து வச்சிருக்கியாக்கா?”

வைத்திருக்கிறேன் என்றேன்.

அவள் ஷெட்டுக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தாள். பிளேட்டின் ஓரத்தில் ஓங்கி ஒரு குத்து குத்தினாள். மண் பெயர்ந்தது. அண்ணன் குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தார், முதலாளிக்குத் தெரிந்தால் என்னாகும், மலைக்கு முதுகு காட்டியா நிற்கப் போகிறீர்கள் என்று பதறினார்.

“மலை ஒண்ணும் கோவிச்சிக்காதுண்ணா,” என்றாள் மாலா. அதற்குள் மூச்சு வாங்கியது. கடப்பாரையில் சாய்ந்துகொண்டு என்னிடம் கையை நீட்டினாள். “அவளுக்குப் போன் போட்டுக் குடு.”

போட்டுக் கொடுத்தேன். மணி அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. எடுத்தார்கள்.

“ரோஸி, மாலா பேசறேன். நீ போட்டது எனக்குத் தெரியவே இல்லடி. தெரிஞ்சிருந்தா குனிஞ்சிருப்பேன்.” பெயர்ந்த மண்ணைக் காலால் தள்ளினாள். “தூங்கு.”

மாலா போனை என்னிடம் கொடுத்தாள். கடப்பாரையை மறுபடி தூக்கினாள்.